வீட்டு முன் சாலையில் ஸ்கிப் வைக்க வேண்டும்: கவுன்சில் அனுமதியை யார் எடுப்பது?

மாடிப்படி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கிழக்கு லண்டனில் ஒரு டெரஸ் வீடு (இரு பக்கமும் ஒட்டி வரிசையாகக் கட்டியது). முன்பக்கம் டிரைவ்வே, அதாவது வீட்டு எல்லைக்குள் கார் நிறுத்தும் இடம், கிடையாது. கதவைத் திறந்தால் நடைபாதை, அதைத் தாண்டினால் சாலை. சமையலறைச் சுவர் ஒன்றை இடிக்கிறோம், பழைய தரையையும் பெயர்க்கிறோம். இடிபாட்டைப் போட ஸ்கிப் என்னும் பெரிய இரும்புத் தொட்டி வாடகைக்கு வேண்டும். பில்டர் "ஸ்கிப் மட்டும் நீங்களே ஏற்பாடு செய்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

ஒரு ஸ்கிப் கம்பெனிக்குப் போன் செய்தேன். "இப்போதே பணம் கட்டினால் வெள்ளிக்கிழமை இறக்கிவிடுகிறோம், கவுன்சில் அனுமதி உங்கள் பொறுப்பு" என்றார்கள். சரி என்று எங்கள் உள்ளாட்சியான கவுன்சிலின் தளத்துக்குப் போனால், விண்ணப்பத்தில் கம்பெனியின் பெயர், அதன் காப்பீட்டு விவரம் எல்லாம் கேட்கிறது. என்னிடம் இருப்பது வீட்டுக் காப்பீடு மட்டும்தான். இவர்கள் அவர்களைக் கை காட்டுகிறார்கள், அவர்கள் இவர்களைக் கை காட்டுகிறார்கள். இங்கே யாராவது இதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா? இன்றைக்குத் திங்கட்கிழமை.

செங்கல்தூசி எழுதியது:

பணம் கட்டிவிட்டீர்களா? இல்லையென்றால் கட்டாதீர்கள். பெரும்பாலான கவுன்சில்கள் வீட்டுக்காரரிடமிருந்து விண்ணப்பமே வாங்குவதில்லை. ஸ்கிப் யாருடையதோ அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி உங்கள் பொறுப்பு என்று சொல்லும் கம்பெனி ஒன்று சோம்பேறி, இல்லையென்றால் உங்கள் கவுன்சிலிடம் பதிவே செய்யாத கம்பெனி. இரண்டாவதுதான் என் சந்தேகம்.

வடக்குவாசல் எழுதியது:

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? வெள்ளி சாயங்காலம் இறக்கச் சொல்லுங்கள், திங்கள் காலை எடுக்கச் சொல்லுங்கள். சனி ஞாயிறில் எந்த அதிகாரி வந்து பார்க்கப் போகிறார்? நான் இரண்டு முறை அப்படித்தான் வைத்தேன், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பயமாக இருந்தால் பாதியை நடைபாதையில் ஏற்றி வையுங்கள், சாலையில் அவ்வளவாக இடிக்காது.

பழைய லாரிக்காரன் எழுதியது:

தம்பி வடக்குவாசல், உங்களுக்கு இரண்டு முறை அதிர்ஷ்டம் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். பதினொரு வருடம் ஸ்கிப் லாரி ஓட்டியவன் சொல்கிறேன். அதிகாரி வருவாரா மாட்டாரா என்பது விஷயமே இல்லை. தெருவிளக்கு அணைந்த ஒரு மூலையில், விளக்கு வைக்காத இரும்புத் தொட்டி மீது ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் சைக்கிளில் வந்து மோதினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அனுமதி இல்லை, விளக்கு இல்லை. அதற்குப் பிறகு எந்தக் காப்பீட்டுக்காரர் உங்கள் போனை எடுப்பார்?

பாதியை நடைபாதையில் ஏற்றுவது அதைவிட மோசம். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்திருக்கும் தாய் சாலையில் இறங்கித்தான் சுற்றிப் போக வேண்டும். சக்கர நாற்காலிக்காரர் இறங்கவே முடியாது. நடைபாதைக் கல்லும் அந்தக் கனத்தைத் தாங்காது. பிளந்தால் பழுதுபார்க்கும் பில் வரும். நான் பார்த்த அனுமதிகளில் பெரும்பாலானவற்றில் நடைபாதையில் வைக்கக் கூடாது என்றே நிபந்தனை இருக்கும்.

தங்கச்சி மாடிப்படி, சட்டம் நேரானதுதான். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், 139ஆவது பிரிவு. நெடுஞ்சாலை ஆணையத்தின் (சாதாரணத் தெருவுக்குக் கவுன்சில்தான்) அனுமதி இல்லாமல் சாலையில் ஸ்கிப் வைக்கக் கூடாது. வைத்தால் குற்றம் ஸ்கிப்பின் உரிமையாளர் மீது, அபராதம் 1,000 பவுண்டு வரை. நெடுஞ்சாலை என்றதும் மோட்டார்வேயை நினைக்காதீர்கள். உங்கள் வீட்டு முன்னால் உள்ள சின்னத் தெருவும் நெடுஞ்சாலைதான்.

மாடிப்படி எழுதியது:

நல்லவேளை, பணம் கட்டவில்லை. அண்ணா, அப்படியென்றால் குற்றம் கம்பெனி மீதுதானே? நான் ஏன் கவலைப்பட வேண்டும் என்று என் கணவர் கேட்கிறார். (கேள்வி அவருடையது, எனக்குப் பயம்தான்.)

ரசீதுக்காரி எழுதியது:

உங்கள் கணவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். அலுவலகத்தில் ஒப்பந்தக் காகிதங்கள் படிப்பதே என் வேலை என்பதால் இந்த 139ஐ ஒருமுறை முழுதாகப் படித்தேன்.

ஒன்று, உரிமையாளர் என்ற சொல்லுக்கு அதில் தனி விளக்கம் இருக்கிறது. ஒரு மாதத்துக்குக் குறையாத வாடகை ஒப்பந்தம் என்றால், ஸ்கிப்பை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவரே உரிமையாளர். பத்து நாள் எடுத்தால் கம்பெனி. முழு மாதத்துக்கு ஒப்பந்தம் போட்டால் நீங்கள்! "மாத வாடகை மலிவு" என்று யாராவது ஆசை காட்டினால் இதை நினைவில் வையுங்கள்.

இரண்டு, வேறொருவர் செய்த தவறால் குற்றம் நேர்ந்தால் அந்த வேறொருவர் மீதும் வழக்கு வரலாம். கம்பெனி விளக்கோடு இறக்கிவிட்டுப் போன பிறகு உங்கள் பில்டர் அந்த விளக்கைக் கழற்றித் தன் வேனில் போட்டுக்கொண்டால், அது கம்பெனியின் தவறாக இருக்காது.

இதோடு 140ஆவது பிரிவையும் பாருங்கள். முறையான அனுமதி இருந்தாலும்கூட, கவுன்சிலோ சீருடை அணிந்த போலீஸ்காரரோ ஸ்கிப்பை எடு என்றோ நகர்த்து என்றோ சொல்லலாம். அனுமதி கையில் இருப்பதால் அந்த இடம் உங்கள் சொத்தாகிவிடாது.

செங்கல்தூசி எழுதியது:

மாடிப்படி, உங்கள் தெருவில் ரெசிடென்ட் பெர்மிட் (அங்கே வசிப்பவர்கள் கார் நிறுத்தும் அனுமதி) இருக்கிறதா? இதுவரை யாரும் கேட்கவில்லையே.

மாடிப்படி எழுதியது:

ஆமாம், வீட்டு முன்னால் இருப்பது பெர்மிட் பே, பெர்மிட் உள்ளவர்கள் கார் நிறுத்தும் இடம். திங்கள் முதல் சனி வரை. அதனால் என்ன?

செங்கல்தூசி எழுதியது:

அதனால் உங்களுக்கு ஒன்றல்ல, இரண்டு அனுமதி வேண்டும். ஸ்கிப் லைசன்ஸ் தனி, அந்தப் பார்க்கிங் பேயில் குறிப்பிட்ட நாட்களுக்கு யாரும் கார் விடாதபடி அதை நிறுத்தி வைப்பது தனி. கவுன்சிலுக்குள்ளேயே இரண்டும் வேறு வேறு பிரிவு, வேறு வேறு கட்டணம். பல இடங்களில் முதலாவதைவிட இரண்டாவதுதான் விலை அதிகம், ஏனென்றால் அதை நாள் கணக்கில், பே கணக்கில் போடுகிறார்கள். அதை அறிவிக்கும் மஞ்சள் பலகை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பதால் அவகாசமும் கூடுதலாகக் கேட்பார்கள். இந்த வெள்ளிக்கிழமையை மறந்துவிடுங்கள்.

நான் இதில்தான் மாட்டினேன். லைசன்ஸ் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் பேயை மறந்துவிட்டேன். லாரி வந்த காலை, பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தன் காரை அங்கே அழகாக நிறுத்திவிட்டு விடுமுறைக்குப் போயிருந்தார். அவர்மேல் என்ன தப்பு, அவரிடம் பெர்மிட் இருக்கிறது. லாரி திரும்பிப் போனது. வீண் பயணக் கட்டணம் என்று ஒன்று பில்லில் ஏறியது. டிரைவர் மட்டும் ஆறுதலாக "இது தினமும் நடக்கும்" என்றார்.

கவுண்டிக்காரன் எழுதியது:

லண்டனுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வரி. சர்ரே, கென்ட், எசெக்ஸ் போன்ற இடங்களில் குப்பை எடுப்பது ஒரு கவுன்சில், சாலை வேறு கவுன்சில். ஸ்கிப் குப்பை சம்பந்தப்பட்டதுதானே என்று நான் மாவட்டக் கவுன்சிலுக்கு எழுதி, அவர்கள் நான்கு நாள் கழித்து "நாங்கள் இல்லை, சாலையைப் பார்க்கும் கவுண்டி கவுன்சிலைக் கேளுங்கள்" என்றார்கள். குப்பை என்று நினைக்காமல் சாலை என்று நினைத்தால் சரியான கதவைத் தட்டலாம்.

வடக்குவாசல் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன், ராத்திரி சைக்கிள் விஷயத்தை நான் யோசிக்கவில்லை. ஆனால் இத்தனை காகிதமும் ஒரு சுவரை இடிக்கவா? மாடிப்படி, லண்டனில் சிவப்புக் கோடு போட்ட சாலையாக இருந்தால் பரோவையும் (உள்ளூர் கவுன்சில்) விட்டுவிட்டு லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல்லிடம் போக வேண்டும் என்று என் மைத்துனர் சொல்கிறார். அவர் கடை அப்படி ஒரு சாலையில்.

மாடிப்படி எழுதியது:

நல்லவேளையாக எங்கள் தெரு சாதாரணத் தெரு. இன்று வேறு மூன்று கம்பெனிகளுக்குப் போன் செய்தேன். மூன்று பேருமே "சாலையா, டிரைவ்வேயா?" என்று முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார்கள். முதல் கம்பெனி அதைக் கேட்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. மூவரும் லைசன்ஸைத் தாங்களே எடுப்பார்களாம், அதற்கான கட்டணம் விலையில் தனியாகக் காட்டப்படுமாம். பே நிறுத்துவதை ஒருவர் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், மற்ற இருவரும் என்னையே செய்யச் சொன்னார்கள். அது நியாயமா?

பழைய லாரிக்காரன் எழுதியது:

நியாயம்தான் தங்கச்சி. பே நிறுத்துவதற்கு வீட்டுக்காரர் விண்ணப்பிக்கலாம், அதைக் கவுன்சில்கள் ஏற்றுக்கொள்ளும். ஸ்கிப் லைசன்ஸைத்தான் கம்பெனி எடுக்க வேண்டும். அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு (பிறருக்கு நேரும் சேதத்துக்கானது) கேட்பார்கள், பெரும்பாலும் 5 மில்லியன் பவுண்டு, சில இடங்களில் 10 மில்லியன். அது தனி ஆளிடம் இருக்காது.

பணம் கட்டுவதற்கு முன் லைசன்ஸ் எண்ணையும் தொடங்கும் தேதி, முடியும் தேதியையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். போனில் "எல்லாம் ஆயிற்று" என்றால் நம்ப வேண்டாம். முடியும் தேதிதான் முக்கியம். ஸ்கிப் வாடகை இரண்டு வாரம், லைசன்ஸ் ஒரு வாரம் என்று பொருந்தாமல் போட்டுவிடுவார்கள். எட்டாவது நாள் காலையில் அது அனுமதி இல்லாத ஸ்கிப்.

அப்புறம் இடத்தின் அளவு. 8 யார்டு ஸ்கிப் (யார்டு என்பது கன யார்டு, கொள்ளளவு) கிட்டத்தட்ட 3.6 மீட்டர் நீளம், ஒரு கார் அளவுதானே என்று ஒரே ஒரு பேயை மட்டும் நிறுத்துவார்கள், அது போதாது. தொட்டி இறங்குவது லாரியின் பின்பக்கத்திலிருந்து. லாரி அதே கோட்டில் முன்னால் நிற்க வேண்டும், இரண்டு கைகள் தொட்டியைத் தூக்கிப் பின்னால் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஆகவே மேலே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். தொலைபேசிக் கம்பி, மரக்கிளை. ஒருமுறை ஒரு தெருவுக்கே இணையம் போனது என்னால்தான், அந்தக் கதை இங்கே வேண்டாம்.

இறக்கும்போதாவது நாம் இடம் பிடித்து வைத்திருப்போம். எடுக்கும் நாளில்தான் வம்பே. இரண்டு பக்கமும் கார்கள் ஒட்டி நிற்கும், சங்கிலி மாட்ட கை நுழையாது. எடுக்க வரும் நாளுக்கு முந்தைய இரவு உங்கள் காரையே முன்னால் நிறுத்தி வைத்து, லாரி வந்ததும் நகர்த்துவது நல்லது. சொந்தமாகப் போக்குவரத்துக் கூம்பு வாங்கி வைப்பதற்குச் சட்ட மதிப்பு எதுவும் இல்லை. தெருக்காரர்களின் நல்ல மனசு இருந்தால் வேலை செய்யும்.

ரசீதுக்காரி எழுதியது:

விளக்கு யார் வைப்பார்கள் அண்ணா?

பழைய லாரிக்காரன் எழுதியது:

சட்டப்படி இரவில் சரியாக வெளிச்சம் இருக்கும்படி பார்ப்பது உரிமையாளர் கடமை. மூலைக்கு ஒன்றாக மஞ்சள் விளக்கு, எதிரே வரும் பக்கத்தில் கூம்புகள் என்று நிபந்தனையில் எழுதியிருப்பார்கள். தொட்டியின் இரண்டு முனையிலும் சிவப்பும் மஞ்சளும் சாய்கோடாகப் போட்ட பலகை இருக்க வேண்டும், அதற்கு 1984இலேயே தனி விதி வந்துவிட்டது. கம்பெனியின் பெயரும், தொலைபேசி எண்ணோ முகவரியோ எழுதியிருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாத, துருப்பிடித்த பெயரில்லாத் தொட்டி வந்தால் இறக்கவே விடாதீர்கள்.

விளக்குகள் திருடு போகும், பேட்டரிக்காகவே எடுப்பார்கள். தினமும் இருட்டும்போது ஒரு பார்வை பாருங்கள். காணோம் என்றால் உடனே கம்பெனிக்குப் போன், அதோடு ஒரு மின்னஞ்சல்.

கிளைட்நதி எழுதியது:

கிளாஸ்கோவிலிருந்து. இங்கே நீங்கள் சொல்லும் 139 செல்லாது, 1984ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சாலைச் சட்டம், 85ஆவது பிரிவு. ஆனாலும் அனுமதி வேண்டும் என்பதில் மாற்றமில்லை. இழையைத் தேடி வரும் ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

சும்மாபடிப்பவன் எழுதியது:

ஒரு சுவருக்கு ஸ்கிப் தேவையா என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஏற்றிக்கொண்டு போகும் லாரி என்று ஒன்று உண்டு. ஸ்கிப்பை இறக்காமல் லாரி வாசலில் காத்திருக்கும், அரை மணியோ முக்கால் மணியோ. குப்பையை எல்லாம் ஏற்றியதும் போய்விடும். சாலையில் தொட்டி வைக்காததால் ஸ்கிப் லைசன்ஸ் வேண்டாம். நான் அப்படித்தான் செய்தேன். முன்னாளே எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பின்தோட்டத்தில் அடுக்கி வைத்துவிட்டு, நான்கு பேரைக் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தோம்.

செங்கல்தூசி எழுதியது:

நான்கு பேர் கிடைக்க வேண்டுமே ஐயா. அதோடு அவர் இடிப்பது சுவர் மட்டுமில்லை, தரையும். வீட்டுக்குள் வழியாக அத்தனை செங்கலையும் கான்கிரீட்டையும் முப்பது நிமிடத்தில் சுமந்து கொண்டுவர முடியாது. லாஃப்டைக் காலி செய்யும் குப்பை என்றால் உங்கள் வழி அருமை. இடிபாட்டுக்கு ஸ்கிப்தான்.

கொஞ்சம் கொஞ்சமாக வரும் குப்பை என்றால் கவுன்சிலின் மறுசுழற்சி மையத்துக்கே கொண்டுபோகலாம். இங்கிலாந்தில் 2023 டிசம்பர் 31 முதல், வீட்டுக்காரர் தாமே செய்த சிறு வேலையின் இடிபாட்டுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. 50 லிட்டர் சாக்கு இரண்டு வரை, நான்கு வாரத்தில் நான்கு முறை. பில்டர் செய்த வேலையின் குப்பைக்கு அது பொருந்தாது, அதனால் மாடிப்படிக்கு உதவாது.

மாடிப்படி எழுதியது:

நான்கு பேரா, எங்கள் வீட்டில் வேலை என்றதும் இருக்கும் இரண்டு பேரும் காணாமல் போகிறார்கள். ஸ்கிப்தான். 6 யார்டா, 8 யார்டா? பில்டர் "பெரியதாக எடுங்கள்" என்கிறார். ஒரு கம்பெனி 12 யார்டுகூட இருக்கிறது என்றது.

பழைய லாரிக்காரன் எழுதியது:

செங்கல், மண், கான்கிரீட் என்றால் 8 யார்டுக்கு மேல் தர மாட்டார்கள், தூக்க முடியாது. 12 யார்டு எல்லாம் மரம், அட்டை மாதிரி இலகுவான சாமானுக்கு. ஒரு சுவரும் தரையும் என்றால் 6 போதும் என்று நினைக்கிறேன், ஆனால் பில்டரைச் சதுர மீட்டர் கணக்குச் சொல்லச் சொல்லுங்கள். விளிம்பு மட்டத்துக்கு மேல் குவித்தால் லாரிக்காரர் எடுக்க மாட்டார். பக்கத்தில் கதவுப் பலகைகளை நிற்க வைத்து உயரத்தைக் கூட்டும் தந்திரமும் எல்லோருக்கும் தெரிந்ததே, அதற்கும் எடுக்க மாட்டார்.

ரசீதுக்காரி எழுதியது:

பிளாஸ்டர்போர்டை (ஜிப்சம் சுவர்ப் பலகை) தனியாக வையுங்கள். மக்கும் குப்பையோடு சேர்ந்து புதைந்தால் ஜிப்சத்திலிருந்து நச்சு வாயு வரும் என்பதால் கலக்கக் கூடாது. துணி போர்த்திய பழைய சோபா இருந்தால் அதையும் கேட்டுவிட்டுப் போடுங்கள், தீத்தடுப்பு ரசாயனம் காரணமாக அவற்றை எரித்தே தீர்க்க வேண்டும் என்று 2023 முதல் கண்டிப்பாக இருக்கிறார்கள், தனிக் கட்டணம் ஆகும். ஃபிரிட்ஜ், டயர், பெயின்ட், பேட்டரி எல்லாம் கூடாது. 2000க்கு முன்னால் கட்டிய வீட்டில் பழைய தரை ஓடு, அதன் அடியில் கறுப்புப் பசை கண்டால் அஸ்பெஸ்டாஸ் சோதனை செய்யாமல் உடைக்கவே வேண்டாம். இது ஸ்கிப்பைவிடப் பெரிய விஷயம்.

கடைசியாக, கம்பெனி குப்பை ஏற்றிச் செல்லப் பதிவு பெற்றதா என்று சுற்றுச்சூழல் முகமையின் தளத்தில் தேடுங்கள், இரண்டு நிமிட வேலை. உங்கள் குப்பை ஏதாவது வயல்வெளியில் கிடந்து, அதற்குள் உங்கள் பெயர் போட்ட ஒரு கடிதம் கிடைத்தால் உங்களைத்தான் தேடி வருவார்கள். பதிவு இல்லாதவரிடம் கொடுத்த வீட்டுக்காரருக்கே 600 பவுண்டு வரை அபராதம் போடலாம். மிக மலிவாக ஒருவர் எடுத்துச் செல்கிறேன் என்றால் எப்படிக் கட்டுப்படியாகும் என்று கேளுங்கள். 2025 ஏப்ரலில், குப்பையை மண்ணில் புதைப்பதற்கான வரியே வழக்கமான விகிதத்தில் டன்னுக்கு 126 பவுண்டு 15 பென்ஸ் ஆகிவிட்டது.

மாடிப்படி எழுதியது:

முதல் கம்பெனியின் பெயரைத் தேடினேன். இல்லை. பெயரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் இல்லை. வெள்ளிக்கிழமையும் வேண்டாம், அவர்களும் வேண்டாம். லைசன்ஸ், பே இரண்டையும் தாங்களே எடுப்பதாகச் சொன்ன கம்பெனியிடம் போகிறேன். அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் செவ்வாய். பில்டர் முகம் சுளித்தார், பரவாயில்லை. அஸ்பெஸ்டாஸ் சோதனைக்கு அந்த இடைவெளி பயன்படும்.

மாடிப்படி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். சோதனையில் ஒன்றும் இல்லை. லைசன்ஸ் எண் மின்னஞ்சலில் வந்தது, 14 நாளுக்கு. இரண்டு பேயை நிறுத்தினார்கள். மஞ்சள் பலகையைப் பார்த்ததும் எதிர் வீட்டுப் பெரியவர் மட்டும் வந்து எத்தனை நாள் என்று கேட்டார், தேதியைச் சொன்னதும் போய்விட்டார். பலகை கட்டுவதற்கு முன்பே நான் தெருவில் பன்னிரண்டு வீட்டுக்குத் தகவல் சீட்டு போட்டிருந்தேன், அது உதவியது. ஸ்கிப் அழகாக இறங்கியது, சாய்கோடு, பெயர், விளக்கு எல்லாம் இருந்தன.

ஆனால் இன்று காலை எழுந்து பார்த்தால் உள்ளே இரட்டைக் கட்டில் மெத்தை ஒன்று கிடக்கிறது. எங்களுடையது இல்லை! எடுத்து நடைபாதையில் வைத்துவிடலாமா?

பழைய லாரிக்காரன் எழுதியது:

வேண்டாம். நடைபாதையில் வைத்தால் குப்பை கொட்டியது நீங்கள் என்று ஆகிவிடும். இரவில் ஸ்கிப்பில் மெத்தை வளர்வது இயற்கை, நான் பார்க்காத நாளே இல்லை. தெருக் குழுவில் கோபப்படாமல் ஒரு செய்தி போடுங்கள். ஒருவரும் வரவில்லை என்றால் கம்பெனியிடம் சொல்லிவிடுங்கள், மெத்தைக்குத் தனிக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, எடுக்கும் முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். அடுத்த இரவிலிருந்து தார்ப்பாயைக் கட்டி மூடுங்கள், விளக்கை மறைக்காமல்.

மாடிப்படி எழுதியது:

"யாரோ தவறுதலாக மெத்தையை எங்கள் ஸ்கிப்பில் வைத்துவிட்டார்கள், இரவுக்குள் எடுத்துக்கொண்டால் நல்லது" என்று போட்டேன். சாயங்காலம் மெத்தை இல்லை. யார் என்று நான் பார்க்கவில்லை, பார்க்கவும் விரும்பவில்லை. எதிர் வீட்டுப் பெரியவர் மட்டும் இப்போது என்னைக் கண்டால் வேகமாக நடக்கிறார்.

வடக்குவாசல் எழுதியது:

அந்தக் கம்பெனியின் பெயரைத் தனிமடலில் அனுப்புவீர்களா? அடுத்த மாதம் எங்கள் குளியலறை.

மாடிப்படி எழுதியது:

அனுப்பிவிட்டேன். முதல் கேள்வியாக "சாலையா, டிரைவ்வேயா" என்று கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "பாதி நடைபாதை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.